குண்டு, வெடி, செல்: ஒரு மொழிபெயர்ப்புத் தவறும் சில குறிப்புகளும்

போன வருஷம் ஒரு சின்ன மொழிபெயர்ப்பு வேலை வந்தது. இலங்கையிலிருந்து வெளிநாடு போய் அகதி அந்தஸ்து கேட்டிருக்கும் ஒரு வயதான அம்மாவின் வாக்குமூலம். அவர் பேசிய ஆடியோவைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதித் தரணும். நான் சென்னைக்காரன். ஈழத் தமிழ் நாவல்கள் நிறைய படித்திருக்கிறேன், பேச்சு கேட்டால் புரியும், அப்புறம் என்ன என்று ஒத்துக்கொண்டேன்.

நடுவில் ஒரு வரி: "சந்தியில வச்சு அண்ணருக்கு வெடி பட்டது." எனக்கு இதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. சந்தியில் ஏதோ வெடித்திருக்கிறது, அண்ணன் மாட்டிக்கொண்டார். குண்டுவெடிப்பு என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வக்கீல் அலுவலகத்திலிருந்து கேள்வி. அந்த அம்மா முன்பே கொடுத்த வாக்குமூலம் ஒன்று இருக்கிறதாம். வேறு யாரோ மொழிபெயர்த்தது. அதில் அண்ணன் துப்பாக்கியால் சுடப்பட்டார் என்று இருக்கிறது, எது சரி என்றார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இந்த மாதிரி வழக்குகளில் ஒருவர் இரண்டு முறை சொன்னது இரண்டு விதமாக இருந்தால், அதிகாரி முதலில் நினைப்பது 'இவர் பொய் சொல்கிறார்' என்பதைத்தான்.

வக்கீல் மூலமாகவே அவரிடம் போனில் பேசினேன்.

"அம்மா, அண்ணருக்கு அன்னைக்குக் குண்டு வெடிச்சுதா?"

"இல்லைத் தம்பி, குண்டு ஒண்டும் வெடிக்கேல்லை. வெடி பட்டது எண்டுதானே சொன்னனான். ஒரே வெடி. நெஞ்சில."

"வெடின்னா..."

"வெடி எண்டால் சுட்டது தானே தம்பி."

அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் 'வெடி வைச்சவன்' என்றால் சுட்டவன். தமிழ்நாட்டில் 'வெடி வைத்தவன்' என்றால் பாறை உடைக்கிறவன், அல்லது பட்டாசு கொளுத்துகிறவன், அல்லது பயங்கரவாதி. ஒரே மொழி, ஒரே சொல், நடுவில் ஒரு வழக்கே கவிழ்ந்திருக்கும். நல்லவேளை, திருத்திய பிரதி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு குண்டு, வெடி சம்பந்தப்பட்ட சொற்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். இந்தக் கட்டுரை அந்த நோட்டுதான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தியது.

முதலில் அது வெறும் உருண்டை

குண்டு என்ற சொல்லுக்கும் வெடிப்பதற்கும் அடிப்படையில் சம்பந்தமே கிடையாது. வீட்டைச் சுற்றிப் பாருங்கள். குண்டூசி: தலை உருண்டையாக இருக்கிற ஊசி. குண்டு பல்பு: எல்.இ.டி. வருவதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் மஞ்சளாக எரிந்தது. குண்டு மல்லி, ராமநாதபுரம் குண்டு மிளகாய், கோலிக்குண்டு, பள்ளி விளையாட்டு விழாவில் குண்டு எறிதல். 'கையெழுத்து குண்டு குண்டா அழகா இருக்கு' என்று டீச்சர் பாராட்டுவார். அதே டீச்சர் வகுப்பில் ஒரு பையனை 'டேய் குண்டு' என்று கூப்பிட்டால், அவன் வீட்டுக்கு வந்து அழுவான்.

'குண்டுமணித் தங்கம்கூட இல்லை' என்கிறோமே, அது உண்மையில் குன்றிமணி. அந்தச் சிவப்பு விதையை வைத்துத்தான் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்தார்கள். ஒன்று சுமார் 0.12 கிராம். உருண்டையாக இருப்பதால் மக்கள் வாயில் குன்றி குண்டாகிவிட்டது. விதைக்குள் அப்ரின் என்ற கடும் விஷம் இருக்கிறது என்பது தனிக் கதை.

போராட்டச் செய்திகளில் தவறாமல் வரும் 'குண்டுக்கட்டாகத் தூக்கிச் சென்றனர்' என்பதிலும் வெடி ஏதும் இல்லை. கையையும் காலையும் சேர்த்து, ஆளை ஒரு உருண்டை மூட்டை மாதிரித் தூக்குவது. 'குண்டர் சட்டம்' மட்டும் வேறு குடும்பம். அது 'குண்டா' என்ற இந்திச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் 1982இல் வந்த 14ஆம் எண் சட்டம். குண்டான ஆட்களைப் பிடிப்பதற்கான சட்டம் என்று சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன். என்னைப் போல வேறு சிலரும் இருப்பீர்கள்.

இன்னும் பின்னால் போனால் ஒரு ஆச்சரியம். சங்க இலக்கியத்தில் குண்டு என்பதற்கு ஆழம், பள்ளம் என்று பொருள். ஆழமான சுனை, ஆழமான அகழி இதற்கெல்லாம் இந்தச் சொல் வரும். அந்தப் பொருள் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 'ரோடு குண்டும் குழியுமா கிடக்கு' என்கிறோமே, அங்கே இருக்கும் குண்டு பள்ளம்தான். தெலுங்கில் இன்றும் குண்ட என்றால் குழி. நாம் குழிப்பணியாரம் என்பதை அவர்கள் குண்ட பொங்கனாலு என்பது அதனால்தான். பக்கத்தில் கன்னடத்துக்குப் போனால் 'குண்டு' என்பது பேச்சுவழக்கில் சரக்கு. பெங்களூர் நண்பர் குண்டு போடலாமா என்று கேட்டால் பதற வேண்டாம்.

ஆக, பள்ளத்துக்கும் ஒரு குண்டு, உருண்டைக்கும் ஒரு குண்டு. வெடிப்பதற்கு எப்போது வந்தது?

உருண்டை எப்படி வெடித்தது

பீரங்கி வந்தபோது. பீரங்கி என்ற சொல்லே பறங்கி, பிரங்கி என்று ஐரோப்பியரைக் குறித்த சொல்லின் உறவு. ஆரம்பகாலப் பீரங்கியிலிருந்து பறந்தது உருண்டைக் கல், பிறகு இரும்பு உருண்டை. துப்பாக்கியிலிருந்து பறந்தது ஈய உருண்டை. எதுவும் போய் விழுந்த இடத்தில் வெடிக்காது. மோதும், உடைக்கும், துளைக்கும். குண்டு என்ற பெயர் அவற்றுக்கு நூறு சதவீதம் பொருத்தம். கோட்டை அருங்காட்சியகங்களில் குவித்து வைத்திருப்பார்களே, கறுப்பு இரும்பு லட்டு மாதிரி, அதுதான் அசல் குண்டு.

அப்புறம் அந்த உருண்டையைக் குடைந்து உள்ளே வெடிமருந்து அடைத்துத் திரி வைத்தார்கள். இப்போது பெயரில் வெடியும் சேர்ந்து வெடிகுண்டு ஆனது. கார்ட்டூனில் இன்றும் வெடிகுண்டு என்றால் கறுப்புப் பந்தும் எரியும் திரியும்தான். நிஜத்தில் விமானக் குண்டுகள் மீன் மாதிரி நீண்டு, பின்னால் துடுப்போடு இருக்கின்றன. துப்பாக்கித் தோட்டாவும் கூம்பாகிவிட்டது. உருண்டை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

மற்ற மொழிகளில் எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் புரிகிறது. ஆங்கிலத்து 'பாம்' சத்தத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் பொம்போஸ் என்றால் கும்மென்ற முழக்கம், ரீங்காரம். லத்தீன், இத்தாலி, பிரான்ஸ் வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. பெரிய வண்டுத் தேனீ ஒன்றுக்கு அறிவியல் பெயர் பாம்பஸ். அதுவும் இதே சத்தம். 'கிரெனேட்' என்பது மாதுளை: உருவமும் அது, உள்ளே நிறைய முத்து இருப்பதும் அது. 'ஷெல்' என்றால் ஓடு. 'ஷ்ராப்னல்' ஒரு மனிதரின் பெயர், ஹென்றி ஷ்ராப்னல் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப்படை அதிகாரி.

தமிழில் உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தோம். அதனால் ஒரு சிக்கல். பீரங்கியிலிருந்து வந்தாலும் துப்பாக்கியிலிருந்து வந்தாலும் விமானத்திலிருந்து விழுந்தாலும் எல்லாமே குண்டு. 1948 ஜனவரி 20ஆம் தேதி டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. ஜனவரி 30 அன்று அதே இடத்தில் மூன்று குண்டுகள் அவர் மேல் பாய்ந்தன. முதல் வாக்கியத்தில் குண்டு வேறு, இரண்டாவதில் வேறு. 'வெடித்தது', 'பாய்ந்தன' என்ற வினைகள்தான் நம்மைக் காப்பாற்றுகின்றன. 'குண்டு பட்டு இறந்தார்' என்று மட்டும் எழுதினால் எப்படி இறந்தார் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதில் உச்சம் '21 குண்டுகள் முழங்க அரசு மரியாதை'. அங்கே குண்டே கிடையாது. வெறும் மருந்தை வெடித்து எழுப்பும் சத்தம். நிஜமான வெத்துவேட்டு. பீரங்கியைக் காலி செய்துவிட்டோம், சண்டை போடும் எண்ணம் இல்லை என்று காட்டும் பழைய கப்பல் வழக்கத்திலிருந்து வந்த மரியாதை அது.

வெடி என்பது வேகம்

ஒரு குண்டு உண்மையில் என்ன செய்கிறது? பலரும் அதற்குள் பயங்கரமான சக்தி அடைபட்டிருக்கிறது என்று நினைக்கிறோம். ஒரு கிராம் டி.என்.டி. வெடித்தால் வெளிவருவது சுமார் 1 கிலோகலோரி. ஒரு கிராம் சர்க்கரை உடம்புக்குள் எரிந்தால் கிடைப்பது சுமார் 4 கிலோகலோரி. டீயில் போடும் சர்க்கரை டி.என்.டி.யைவிட நாலு மடங்கு சக்தி உள்ளது!

வித்தியாசம் வேகத்தில். சர்க்கரைக்கு வெளியிலிருந்து ஆக்சிஜன் வேண்டும், மெதுவாகத்தான் எரியும். வெடிமருந்தில் எரிபொருளும் ஆக்சிஜனும் கூடவே இருக்கின்றன. பழைய கரிமருந்து, பட்டாசில் இருப்பது, வேகமாக *எரிகிறது*. டி.என்.டி. போன்றவை *வெடிக்கின்றன*. அதாவது அந்த வேதிமாற்றம் ஒரு அதிர்ச்சி அலையாக நொடிக்குச் சுமார் 6,900 மீட்டர் வேகத்தில் மருந்துக்குள் ஓடுகிறது. ஒலியின் வேகத்தைப் போல இருபது மடங்கு. திடப்பொருள் கண்ணிமைப்பதற்குள் சூடான வாயுவாகிறது. அதற்கு இடம் போதவில்லை. சுற்றியிருக்கும் காற்றைச் சுவர் மாதிரித் தள்ளுகிறது.

அந்தக் காற்றுச் சுவர் காதையும் நுரையீரலையும் தாக்குகிறது. உறை உடைந்து பறக்கும் உலோகத் துண்டுகள் அதைவிட வெகுதூரம் போகின்றன. பிறகு தீ, இடிந்து விழும் கட்டடம். சாதாரணக் குண்டுகளில் நிறையப் பேரைக் காயப்படுத்துவது பறக்கும் துண்டுகள்தான். 'குண்டு பட்டது' என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் பட்டது குண்டின் சில்லு.

குண்டு மனிதன்

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு ஹிரோஷிமா மேல் விழுந்த அணுகுண்டுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'சின்னப் பையன்'. மூன்று நாள் கழித்து நாகசாகி மேல் விழுந்ததற்குப் பெயர் 'ஃபேட் மேன்'. தமிழில் சொன்னால் குண்டு மனிதன். உள்ளே புளூட்டோனியத்தை ஒரு உருண்டையாக வைத்து, சுற்றிலும் வெடிமருந்தை வைத்து எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டியிருந்தது. அதனால் அது நிஜமாகவே வயிறு பெருத்த உருவம். உருண்டையை விட்டு விலகி வந்த குண்டு, கடைசியில் மறுபடி உருண்டையாகிவிட்டது.

உள்ளே இருந்த புளூட்டோனியம் சுமார் 6 கிலோ. அதில் அணுப்பிளவு அடைந்தது ஏறக்குறைய ஒரு கிலோ. அது 20,000 டன்னுக்கும் மேற்பட்ட டி.என்.டி.க்குச் சமம். ஹிரோஷிமாவில் சுமார் 15,000 டன். அந்த வருஷம் முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேரும் நாகசாகியில் சுமார் 70,000 பேரும் இறந்துபோனார்கள்.

இதைப் படித்துவிட்டு நம் தீபாவளியை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சை நூல் சுற்றிய அந்த வெடிக்கு என்ன பெயர்? அணுகுண்டு. அதைவிடச் சத்தமாக ஒன்று வந்ததும் ஹைட்ரஜன் குண்டு என்று பெயர் வைத்தார்கள். நானும் 'அப்பா, அணுகுண்டு ரெண்டு பாக்கெட்' என்று அடம்பிடித்தவன்தான். தெருவில் குள்ளமாக, குண்டாக ஒரு பையன் இருந்தான். அவனுக்கும் நாங்கள் வைத்த பெயர் அணுகுண்டு. யாருக்கும் ஹிரோஷிமா ஞாபகம் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் அது ரொம்ப தூரத்தில் விழுந்தது.

இந்த 'தூரம்' என்பதைத்தான் நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

தூரத்தில் இருக்கிறவர்களின் சொற்கள்

சென்னைக்குக் குண்டு வந்திருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் கடலிலிருந்து சுட்டதில் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கொஞ்ச நேரத்தில் கப்பல் போய்விட்டது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியக் கப்பல் அதை அடித்து முடக்கியது. ஆனால் நமக்கு ஒரு சொல் கிடைத்தது. 'அவன் சரியான எம்டன்' என்றால் கில்லாடி, எமகாதகன். உயர் நீதிமன்றச் சுவரில் அந்த இரவுக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. கல்வெட்டைப் பார்த்தவர்கள் குறைவு, சொல்லைத் தெரிந்தவர்கள் அதிகம்.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டதும் சென்னையே மூட்டை கட்டியது. கூட்டம் கூட்டமாக உள்ளூர்களுக்குப் போனார்கள். அந்தத் தலைமுறைத் தாத்தா பாட்டிகள் அதை 'எவாக்குவேஷன்' என்று ஆங்கிலத்திலேயே சொல்வார்கள்.

1991 மே 21 ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு 'மனித வெடிகுண்டு' என்பது தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரிந்த சொல்லானது. 1998 பிப்ரவரி 14 கோவையில் தொடர் குண்டுவெடிப்பு. 58 பேர் இறந்தார்கள். கோவைக்காரர்களிடம் அந்தத் தேதியைச் சொன்னால் இன்றும் பேச்சு ஒரு நிமிஷம் நின்றுவிடும். அவர்கள் தூரத்தில் இருந்தவர்கள் இல்லை.

ஆனால் நம்மில் பெரும்பாலோருக்குக் குண்டு என்பது பேச்சில் வரும் பொருள்தான். 'கடைசி நேரத்துல குண்டைத் தூக்கிப் போட்டுட்டான்யா.' 'இந்த பி.பி. மாத்திரையை நிறுத்தாதீங்க, உள்ள டைம் பாம் ஓடுது.' வேலையைக் கெடுத்தால் வேட்டு வைத்துவிட்டான். பெரிதாக ஆரம்பித்து ஒன்றும் ஆகவில்லையா, புஸ்வாணம்.

ஆங்கிலமும் இப்படித்தான் விளையாடுகிறது. அமெரிக்காவில் ஒரு படம் 'பாம்' ஆனது என்றால் படுதோல்வி. பிரிட்டனில் ஒன்று 'பாம் மாதிரி போகிறது' என்றால் ஓகோவென்று ஓடுகிறது. ஒரே சொல்லில் வெற்றியும் தோல்வியும்! குளியல் தொட்டியில் போட்டால் நுரைக்கும் 'பாத் பாம்', அடுத்தவர் போட்டோவில் பல்லைக் காட்டிக்கொண்டு நுழைந்தால் 'போட்டோ பாம்'. கணினிக்காரர்களிடம் ஜிப் பாம் உண்டு. 42 கிலோபைட் கோப்பு ஒன்றை முழுக்க விரித்தால் 4.5 பெட்டாபைட் ஆகும் என்று பிரபலமான ஒன்று இருக்கிறது. சின்னதாக இருந்து திடீரென்று பெரிதாவது என்ற ஒரே குணத்தைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல் எங்கெல்லாமோ போய்விட்டது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. சொற்கள் அப்படித்தான் வளரும்.

பக்கத்தில் இருக்கிறவர்களின் சொற்கள்

இனி அந்த அம்மாவின் தமிழுக்கு வருகிறேன்.

அவர் பேசிய ஒரு மணி நேரத்தில் 'குண்டு' என்ற சொல்லை மிகச் சில இடங்களில்தான் சொன்னார். மற்ற இடங்களில் எல்லாம் வேறு சொற்கள். பீரங்கியிலிருந்து வந்தால் *செல்*. அது தொடர்ந்து விழுந்தால் *செல்லடி*. பெரிய பீரங்கி *ஆட்லறி*. விமானம் *பொம்மர்*. பொம்மரிலும் வகை உண்டு: *புக்காரா*, *கிபிர்*, மெதுவாக வந்து சுற்றுகிற *சகடை*. தரையில் புதைத்து வைத்தது *மிதிவெடி*. ஓரத்தில் வைத்து வாகனத்தை அடிப்பது *கிளைமோர்*. சுட்டால் *வெடி*. உடம்புக்குள் போனது *சன்னம்*. துப்பாக்கிக்குள் போடுவது *ரவை*. ஒளிந்துகொள்வது *பங்கர்*.

என் காதுக்கு இதில் பாதி தவறாகவே கேட்டது. எனக்கு ரவை என்றால் உப்புமா. 'செல் அடிச்சுது' என்றால் போன் அடித்தது, அல்லது மரத்தைக் கரையான் அரித்தது. 'செல்லடிக்குள்ளால ஓடி வந்தனாங்கள்' என்பதை இரண்டு தடவை ரீவைண்ட் பண்ணிக் கேட்டேன்.

ஏன் இத்தனை சொற்கள் என்று யோசித்தால் காரணம் எளிது. எது வருகிறது என்பதைப் பொறுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மாறுகிறது. கிபிர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓட வேண்டும். செல் என்றால் முதலில் குத்துகிற சத்தம் கேட்கும், பிறகு கூவிக்கொண்டு வரும், அந்த இடைவெளிக்குள் விழுந்து படுக்க வேண்டும். வெடி என்றால் சுவர் மறைப்பு போதும். மிதிவெடி இருக்கும் இடத்தில் ஓடவே கூடாது. எல்லாவற்றையும் 'குண்டு' என்று சொல்லிக்கொண்டிருந்தால் உயிர் போய்விடும்.

தூரத்தில் இருக்கிறவனுக்கு ஒரே சொல், அதற்குப் பத்துப் பொருள். பக்கத்தில் இருக்கிறவனுக்குப் பத்துச் சொல், ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள். என் நோட்டு முழுக்கப் புரட்டிப் பார்த்தபோது எனக்குக் கிடைத்தது இதுதான்.

அதற்காக அவர்கள் சிரிப்பதில்லை என்று அர்த்தமில்லை. 'வெடி விடுறான்' என்றால் யாழ்ப்பாணத்தில் அளந்து விடுகிறான் என்று பொருள். நம் ஊரில் 'ரீல் விடுறான்' என்பதைப் போல. அதே அம்மாதான் பேச்சின் நடுவில் ஒரு உறவினரைப் பற்றி இதைச் சொல்லிச் சிரித்தார். ஒரே ஆடியோவில் வெடி இரண்டு பொருளில் வருகிறது. அவருக்கு எதிலும் குழப்பம் இல்லை. குழம்பியது நான்.

உருவம் ஏமாற்றும் இடம்

பெயரோடு போகட்டும் என்று விட முடியாத ஒரு இடம் இருக்கிறது. குண்டு நிஜமாகவே பழையபடி உருண்டையாக இருக்கும் இடம்.

1964 முதல் 1973 வரை லாவோஸ் நாட்டின் மேல் அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. அதில் கொத்துக் குண்டுகள் ஏராளம். ஒரு பெரிய உறை நடுவானில் திறந்து நூற்றுக்கணக்கான சின்னக் குண்டுகளைக் கொட்டும். அப்படிக் கொட்டியவை சுமார் 27 கோடி. அவற்றில் 30 சதவீதம் வரை வெடிக்காமல் மண்ணில் தங்கின. லாவோஸ் மக்கள் அவற்றை 'பாம்பி' என்கிறார்கள். செல்லப் பெயர் மாதிரியே இருக்கும். பல பாம்பிகள் டென்னிஸ் பந்து அளவு, பந்து உருவம். போர் முடிந்து பல வருஷம் கழித்துப் பிறந்த குழந்தைகள் பந்து என்று எடுத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் கேரளத்தின் கண்ணூரில், அரசியல் மோதல்களுக்காகச் செய்யப்படும் நாட்டு வெடிகுண்டுகளுக்கு 'ஸ்டீல் பாம்', 'ஐஸ்கிரீம் பாம்' என்று பெயர். ஒன்று சின்ன எவர்சில்வர் டப்பாவில் செய்தது, மற்றது பந்து உருவ ஐஸ்கிரீம் டப்பாவில் செய்தது. புதரில் ஒளித்து வைத்ததைக் குழந்தைகளும் பழைய சாமான் பொறுக்குகிறவர்களும் எடுத்துக் கை இழந்திருக்கிறார்கள். கோவை, சத்தியமங்கலம் காட்டோரங்களில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் வெடிக்கு 'அவுட்டுக்காய்' என்று பெயர். காய்! தின்கிற பொருளுக்குள் மறைத்து வைப்பது. பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடித்து வாய் சிதறும். 2020 மே மாதம் பாலக்காட்டில் கர்ப்பிணி யானை ஒன்று வாயில் வெடிக்காயத்தோடு ஆற்றில் நின்றபடியே இறந்ததை எல்லோரும் செய்தியில் பார்த்தோம்.

பந்து, டப்பா, காய். எல்லாம் வீட்டுப் பொருட்களின் பெயர்கள். நாம் குண்டூசிக்கும் குண்டு பல்புக்கும் வைத்த அதே வெகுளியான பெயர் வகை. பெரியவர்களுக்கு அது வெறும் பெயர். எடுக்கிற குழந்தைக்கு அது நிஜமாகவே பந்து.

இதனால்தான் கண்ணிவெடித் தடை ஒப்பந்தம் 1997இலும் கொத்துக் குண்டுத் தடை ஒப்பந்தம் 2008இலும் வந்தன. இலங்கை முதலாவதில் 2017 டிசம்பரிலும் இரண்டாவதில் 2018 மார்ச்சிலும் சேர்ந்தது. இந்தியா இரண்டிலும் இல்லை. வன்னியில் மண்ணை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்து மிதிவெடி எடுக்கும் வேலையில் போரில் கணவனை இழந்த பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிகளுக்கு வந்து குழந்தைகளுக்குச் சொல்லும் பாடமும் எளியது: தெரியாத பொருளைத் தொடாதே, வந்த காலடி வழியே திரும்பிப் போ, பெரியவர்களிடம் சொல்.

இப்போது நான் செய்வது

அந்த அம்மாவின் வழக்கு என்ன ஆயிற்று என்று எனக்குச் சொல்ல அனுமதி இல்லை. வாக்குமூலம் இரண்டும் ஒத்துப்போயின, அவ்வளவு சொல்லலாம்.

இப்போது இந்த மாதிரி வேலை வந்தால் மூன்று விஷயங்கள் தெளிவாகாமல் எழுதுவதில்லை. எங்கிருந்து வந்தது: கையிலிருந்தா, துப்பாக்கியிலிருந்தா, வானத்திலிருந்தா, மண்ணிலிருந்தா? வந்த இடத்தில் வெடித்ததா, துளைத்ததா? எத்தனை சத்தம் கேட்டது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் ஆங்கிலச் சொல் தானாக வந்துவிடும். ஆடியோவில் பதில் இல்லை என்றால் போன் போட்டுக் கேட்கிறேன். கேட்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. மறுபடி அந்தச் சந்திக்கு அவரைக் கூட்டிப் போகிற மாதிரி.

அன்றைக்குப் போனை வைப்பதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்க ஊர்ல வெடின்னா பட்டாசும்மா, அதான் குழம்பிட்டேன்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், "அது நல்லதுதானே தம்பி. அப்பிடியே இருக்கட்டும்."